கடைசி வரிக்குப் பின் ஆறு விநாடி

ஜனவரி 5, திங்கள்

என் பெயர் கன்னியப்பன். ஊர் வியாசர்பாடி. வயது எழுபத்திரண்டு. இதை நானே எழுதினேன்.

மேலே உள்ள வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீயைக் குடித்துவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். என் பெயர் வைத்த இடத்திலேயே இருந்தது. சந்தோஷமாக இருந்தது.

மாநகராட்சிப் பள்ளியில் எட்டு மாதம் மாலை வகுப்புக்குப் போனேன். கடைசி நாள் டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, "தினம் எழுதுங்க ஐயா, விட்டா எழுத்து ஓடிப்போயிடும்" என்றார். எங்கே ஓடும்? முப்பது வருஷம் பழைய பேப்பர் குடோனில் வேலை பார்த்தவன் நான். பேப்பரை இரும்புப் பெட்டியில் கொட்டி, மேலிருந்து பிரஸ்ஸை இறக்கி அமுக்கிக் கட்டுக் கட்டுவேன். அத்தனை எழுத்தும் என் கைக்கு அடியிலேயே கிடந்தது. ஒன்றும் ஓடவில்லை.

என் மனைவி பாக்கியம் எட்டிப் பார்த்தாள். "எய்தி எய்தி இன்னா, கலெக்டர் ஆவப் போறியா?"

"ஆயிட்டா உனக்குத் தனியா ஒரு கார் வுடுறேன்மே."

"மொதல்ல ரேஷன் கடைக்கு நட."

கை வலிக்கிறது. இன்று இவ்வளவுதான்.

ஜனவரி 7, புதன்

குடோனில் இருந்த காலத்திலேயே நான் கானா பாடினேன். சாவு வீட்டுக் கானா. இறந்தவர் பெயர், பார்த்த வேலை, பிள்ளைகள் பெயர் எல்லாம் வரும்படி அங்கேயே நின்று கட்டிப் பாட வேண்டும். எனக்குப் பின்பாட்டு துளசிங்கம். நான் வரியைப் பாடும்போது குரலைத் தாழ்த்திக் கூடவே வருவான். நான் மூச்சு வாங்க நிறுத்தினால், வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு மேலே எழுவான். இருபத்தாறு வருஷம் அப்படிப் பாடினோம். நான் மூச்சு வாங்குவது யாருக்கும் தெரிந்ததில்லை.

போன பிப்ரவரி ஒன்றாம் தேதி அவன் செத்துப்போனான். பாட்டுக்காரன் செத்தால் ஜோடிக்காரன் பாட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். சாவன்று முடியாவிட்டால் வருஷம் முடிவதற்குள் பாட வேண்டும். எனக்கு அன்று காய்ச்சல். போகவில்லை.

அவன் மனைவி இந்திராணி இன்று ரேஷன் கடையில் பாக்கியத்திடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வருஷ நாளுக்குத் தெருவில் பந்தல் போடுகிறார்களாம். "பாட்டு வேணும். அந்தாளு வேணாம். எதுலயாவது பாடிப் பதிஞ்சு குடுத்து வுடச் சொல்லு."

காரணத்தையும் எழுதிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் எங்கள் பாட்டுகள் ஒரு கேசட்டாக வந்தன. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருந்ததாம். துளசிங்கத்தின் மகள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அவள் படித்துச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவன் என்னோடு பாடவில்லை, பேசவும் இல்லை. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. அட்டையில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 10, சனி

பாட்டைக் காகிதத்தில் எழுதினேன். வாழ்நாளில் முதல் முறை. இரண்டு பக்கம். தலையில் இருந்தபோது இதைவிடப் பெரிதாக இருந்தது.

ஜனவரி 12, திங்கள்

பாடிப் பதிந்தாயிற்று.

மாவு மில்லின் மாடியில் எப்சிக்கு ஒரு சின்ன ரெக்கார்டிங் அறை இருக்கிறது. முழுப் பெயர் ஹெப்சிபா. நாற்பது வயது இருக்கும். சர்ச் பாட்டு, ஆட்டோவில் போடும் விளம்பரம் எல்லாம் செய்து கொடுப்பாள். சுவர் முழுக்கப் போர்வை தொங்குகிறது. ஒரு மணிக்கு மில் நின்றால் மூன்று மணிக்கு மறுபடி ஓடும். அதற்குள் பாட வேண்டும்.

சாவு வீட்டில் பாடுகிறவன் ஒரே பக்கம் பார்க்க மாட்டான். மகன் பெயர் வந்தால் மகன் பக்கம் திரும்புவான், மனைவி பெயர் வந்தால் மனைவி பக்கம். அங்கே மைக் கிடையாது. இங்கேயும் நான் அப்படியே திரும்பித் திரும்பிப் பாடினேன்.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எப்சி கத்தினாள். "நைனா! மைக்கு இங்க கீது. நீ செவுத்தாண்ட யார் கூடப் பேசிக்கினு கீற?"

"இந்திராணி பேரு வந்துச்சும்மா. அவ இடது பக்கம்தான் குந்துவா."

"ஒரு தபா கத்துற, ஒரு தபா காணாமப் போற. மிஷினு இன்னா பண்ணும்?" என்றாள். ஆனால் நல்ல பெண். ஒரு காலி நாற்காலியைக் கொண்டுவந்து மைக்குக்கு நேர் பின்னால் போட்டாள். "எல்லாரும் இதுலதான் குந்திக்கினு கீறாங்கன்னு நெனச்சுக்கோ."

அதைப் பார்த்துப் பாடினேன்.

பின்னால நின்னவனே துளசி, முன்னால போயிட்டியே,
நான் மூச்சு வாங்குற நேரத்துல யாருடா பாடுவா?

முடித்தபோது நெஞ்சு அடைத்தது. ஆஸ்துமா. தண்ணீர் கேன் வந்த சத்தம் கேட்டு எப்சி கீழே இறங்கிப் போயிருந்தாள். நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அவ்வளவுதான்.

ஜனவரி 14, போகி

தெருவெல்லாம் மேளம். பாக்கியம் பழைய பாயைக் கொளுத்தினாள். டிரங்குப் பெட்டியில் இருக்கும் கேசட்டையும் போட்டுவிடு என்றாள். கொடுக்கவில்லை. அதன் அட்டையை இன்று முதல் முறையாக நானே படித்தேன். என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் முடிந்து எப்சி வேலை தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் ரிவெர்ப் என்று ஒன்று போட்டாள். அது எதிரொலி. மில் மாடியில் பாடிய குரலைப் பெரிய மாதா கோயிலுக்குள் கொண்டுபோய் நிறுத்தி விடுகிறது. கேட்டதும் கை தட்டினேன். அது நானா? மோட்சத்திலிருந்து யாரோ பாடுவது போல இருந்தது.

"எப்டி நைனா?"

"சோக்கா கீதும்மா! இன்னும் கொஞ்சம் ஏத்து."

ஏற்றினாள். இன்னும் என்றேன். இன்னும் ஏற்றினாள். பிறகு என் இரண்டு பக்கக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, விரலால் தொட்டபடி கூடவே படித்தேன். மூன்றாவது வரியில் விரல் நின்றது. காகிதத்தில் "சுமை தூக்கின தோளு" என்று இருக்கிறது. காதில் வெறும் "ஊ... ஓ..." விழுகிறது. அவன் துறைமுகத்தில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினான். அது முழுகிப்போயிற்று. மகள் பெயரும் முழுகிப்போயிற்று.

"வார்த்தை போச்சேம்மா."

"சர்ச் பாட்டுக்கு இப்டித்தான் போடுவேன். அவங்களுக்கு வார்த்தை மனப்பாடம். முழுகினாலும் தெரியும்" என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

சாவு வீட்டில் வார்த்தை கேட்காவிட்டால் அது கானா இல்லை. யாருக்கோ எவனோ அழுததாக ஆகிவிடும்.

ஜனவரி 21, புதன்

இன்று கம்ப்ரஸர். இதை நான் உடனே புரிந்துகொண்டேன். குடோனில் இருந்த பிரஸ்ஸேதான். கத்துகிற இடத்தைப் பிடித்து அமுக்கும். எல்லாம் அமுங்கியதும் மொத்தமாகத் தூக்கிவிடும். அப்போது இதுவரை கேட்காத சின்னச் சத்தமும் பெரிய சத்தத்துக்குச் சமமாக மேலே வந்துவிடும்.

எப்சி அதை எதிரொலிக்குப் பின்னால் மாட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் வாயை மூடினால் எதிரொலி பொங்கிய பால் மாதிரி வருகிறது. என் மூச்சு ரம்பம் அறுக்கிற சத்தம் போல் இருக்கிறது.

"நைனா, துளசிங்கம் தாத்தா செத்துட்டாரா, இல்ல நீயா?"

"எனக்கும் அதான்மா சந்தேகம்."

பிறகு கழற்றி, எதிரொலிக்கு முன்னால் என் குரலில் மாட்டினாள். இப்போது நான் திரும்பியது, கத்தியது எல்லாம் சமமாகிவிட்டது. ஒழுங்கான குரல் போய் எதிரொலியில் விழுகிறது. நல்ல வழி. ஆனால் எதிரொலி வார்த்தையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேதான் இருக்கிறது. குறைத்தால் மில் மாடி ஆகிவிடுகிறது. கூட்டினால் தோள் முழுகுகிறது.

மூன்று மணி. மில் ஓட ஆரம்பித்துவிட்டது.

ஜனவரி 22, வியாழன்

மில் நிற்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். எப்சி கதவைத் திறந்ததும் சொன்னேன்.

"எனக்கு இன்னா வேணும்னு தெரிஞ்சுபோச்சு. நான் பாடும்போது அது அடங்கணும். நான் நிறுத்தினா அது எந்திரிக்கணும். துளசி அப்டித்தான் பாடுவான்."

எப்சி என்னையே பார்த்தாள். "நைனா, இத்த யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"யாரும் இல்லம்மா. இருபத்தாறு வருஷம் பக்கத்துல நின்னான்."

அப்படி ஒரு வேலை உண்டாம். கம்ப்ரஸரை எதிரொலியின் மேல் வைத்து, அதன் காதை மட்டும் என் குரலுக்குக் கொடுத்துவிட வேண்டும். என் குரல் வரும்போதெல்லாம் அது எதிரொலியை அமுக்கும். குரல் நின்றதும் கையை எடுத்துவிடும். எவ்வளவு வேகமாக எடுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு திருகு. சட்டென்று எடுத்தால் எதிரொலி துள்ளுகிறது. ரொம்ப மெதுவாக எடுத்தால் அடுத்த வரி வந்துவிடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு கையால் காட்டினேன். இன்னும் கொஞ்சம். கொஞ்சம். அங்கே.

துளசி வந்துவிட்டான்.

எனக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "சுமை தூக்கின தோளு" ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. வரி முடிந்து நான் மூச்சு வாங்கும் இடத்தில் பின்னாலிருந்து அவன் எழுந்தான். என் குரல்தான், ஆனால் அவன் எழுகிற மாதிரி எழுந்தது. எழுந்து நின்று கை தட்டினேன். எப்சியும் தட்டினாள்.

கடைசி வரி முடிந்தது. எதிரொலி எழுந்தது. அதன் உள்ளே ஏதோ இருந்தது. எப்சி திரும்ப ஓட்டினாள். யாரோ மெதுவாகப் பேசுகிற குரல். இன்னொரு முறை ஓட்டினாள். பிறகு நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள்.

"மைக்கு ஓடிக்கினு இருந்துது நைனா. நான் நிறுத்தாமக் கீழ எறங்கிட்டேன்" என்றாள்.

நான் பாக்கியம் தேடுவாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை. தண்ணீர் லாரி வந்தது. ஆறு குடம் பிடித்தேன்.

ஜனவரி 24, சனி

எழுத வேண்டும்.

நாற்காலியைப் பார்த்து நான் சொன்னது இதுதான்: "துளசி, எனக்குத் தெரியும்டா. அவன் படிச்சுக் காட்டினான்."

கேசட் போட்ட ஆள் அச்சுக்குப் போகும் முன் அட்டையை எடுத்துக்கொண்டு குடோனுக்கே வந்தான். எனக்கு எழுத்து தெரியாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் வாசித்துக் காட்டினான். "பாடியவர் கன்னியப்பன். சரியா?" பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். "இன்னொரு தபா படிங்க சார்" என்றேன். படித்தான். காதுக்கு இனிப்பாக இருந்தது. துளசி பெயர் எங்கே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. "சரி" என்றேன்.

பிறகு இருபத்தைந்து வருஷம், எனக்கு எழுத்து தெரியாது என்று எல்லாரிடமும் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. எழுத்து தெரியாதவனை யார் என்ன கேட்க முடியும்? இந்த நோட்டிலும் அதையே எழுதியிருக்கிறேன். முன்பக்கம் திருப்பிப் படித்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது. அடிக்கவில்லை. இருக்கட்டும்.

எழுத்து கற்றுக்கொண்டால் இனி அந்தச் சாக்கு செல்லாது என்று தெரிந்துதான் வகுப்புக்குப் போனேனா? அதை எழுத இன்னும் கை வரவில்லை.

இந்தப் பக்கத்தைப் பாக்கியத்துக்குப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அன்னிக்கு உனக்குக் காச்சல் இல்ல."

"இல்லமே."

"ராத்திரியெல்லாம் கசாயம் வெச்சுக் குடுத்தேனே, பாவி."

ஜனவரி 27, செவ்வாய்

மாவு மில்லுக்குப் போனேன். எப்சி டீ வாங்கி வைத்திருந்தாள்.

"வெட்டணும்னா ஒரு நொடி வேலை நைனா. இந்திராணியம்மா பாட்டு மட்டும்தானே கேட்டாங்க. வெட்டிட்டா அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

"வெட்டாத."

"அப்ப கொஞ்சம் தூக்கட்டா? தெருவுல போட்டா கேக்கணுமே."

"தூக்கவும் வேணாம். அமுக்கவும் வேணாம். அது எம்மாத்தரம் இருக்குதோ அம்மாத்தரம் இருக்கட்டும்."

எப்சி டீயை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. மைக்செட்காரங்க பாட்டு முடியக் கூட வுட மாட்டாங்க. கடைசி வரி வந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவிடுவாங்க. உன் பேச்சு கடைசி வரிக்கு அப்புறம் ஆறு செகண்டுல கீது. யாருக்கும் கேக்காமயே போயிடும்" என்றாள்.

சரி, கேட்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்றேன். சொன்னபோது பெரிய மனது மாதிரி இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது, கேட்காமல் போனால் தேவலை என்று தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 30, வெள்ளி

எப்சி பாட்டைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். நகத்தளவு இருக்கிறது. டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கேசட் டப்பாவை எடுத்தேன். கேசட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தேன். அட்டையை உருவித் திருப்பினால் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் பேனாவால் எழுதினேன். மூன்று சொல். ஒரு மணி நேரம் ஆயிற்று.

டப்பாவை எப்சியிடம் கொடுத்தேன். அவள் கொண்டுபோய்க் கொடுப்பாள். என்னைத்தான் வர வேண்டாம் என்றார்களே.

பிப்ரவரி 1, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் சவரம் செய்துகொண்டேன். பாக்கியம் வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை, அவளாக வைத்தாள். தெருமுனையில் நின்று கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனேன்.

பந்தல் முனைவரை வந்திருந்தது. துளசியின் படத்துக்கு ரோஜா மாலை. படத்தில் கண்ணாடி போட்டிருக்கிறான். அவன் கண்ணாடி போட்டதே எனக்குத் தெரியாது. இந்திராணி இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். சவுண்டு சர்வீஸ் ஆள் மேசை போட்டு முனையிலேயே இருந்தான். நான் அவனுக்குப் பின்னால் கம்பத்தோரம் நின்றேன்.

பாட்டு வந்தது. குழாய் ஸ்பீக்கரில்கூடத் தோள் முழுகவில்லை. மகள் பெயர் வந்தபோது அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மூச்சு வாங்கும் இடங்களில் அவன் எழுந்தான். பந்தலில் இருந்த ஒரு பெரியவர், "துளசி பின்பாட்டு மாதிரியே கீதேப்பா" என்றார். என் காதால் கேட்டேன்.

கடைசி வரி. "யாருடா பாடுவா..."

சவுண்டு சர்வீஸ் ஆளின் கை பொத்தானுக்குப் போனது.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படிப் பிடித்தேன், கம்பத்திலிருந்து எப்போது வந்தேன் என்று தெரியவில்லை. "யோவ் பெருசு, இன்னா?" என்றான். "முடியல. வுடு. இன்னும் முடியல" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்திராணியும் பார்த்தாள். அதனால் ஒருவரும் பேசவில்லை. அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"துளசி, எனக்குத் தெரியும்டா. அவன் படிச்சுக் காட்டினான்."

எதிரொலி அதையும் எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடியில் இறக்கியது. பிறகு ஒன்றும் இல்லை.

பந்தலில் பாதிப் பேருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. இந்திராணிக்குப் புரிந்தது. அவள் எழுந்து வந்தாள். முழங்கால் வலி, மெதுவாகத்தான் வந்தாள். கையை ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவள் என்னிடம் வரவில்லை. மேசையில் கிடந்த டப்பாவை எடுத்தாள். அட்டையை உருவினாள். அச்சடித்த பக்கத்தை அவளுக்கு அடையாளம் தெரியும். இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பினாள். பேனா எழுத்து. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இத்த யாரு எய்தினது?"

"நான்தான்."

"உனக்குத்தான் எயுத்து தெரியாதே."

"இப்பத் தெரியும்."

அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "படிச்சுக் காட்டு."

எனக்கு மூச்சு வாங்கியது. நான் நிறுத்தினால் எடுத்துப் பாட இன்று பின்னால் யாரும் இல்லை. மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் படித்தேன்.

"பாடியவர்கள் துளசிங்கம், கன்னியப்பன்."

இந்திராணி படத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தபா படிண்ணா."

படித்தேன். கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். ஆனாலும் தப்பில்லாமல் படித்தேன்.